வேளச்சேரி வடிகால் கப்பி மீன்கள்: பரிணாமமா, சாக்கடைத் தண்ணீர் செய்யும் வேலையா?

தரமணி நண்டு (இழையைத் தொடங்கியவர்)
ஜூன் 8, இரவு 9:40

எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் போகிறேன். ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள்.

வீடு வேளச்சேரியில். வாசலில் இருந்து நாற்பது அடியில் மழைநீர் வடிகால். பெயர்தான் மழைநீர், வருடம் முழுக்கச் சாக்கடைதான் ஓடும். அதில் கப்பி மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. எப்போதோ கொசுவை ஒழிக்க விட்டது என்று தெருவில் சொல்வார்கள். பாட்டி வீடு மாம்பலத்தில். அங்கே பின்கட்டில் ஓர் உறைகிணறு. அதிலும் கொசுவுக்காக விட்ட கப்பி, அம்மா கல்லூரி போன காலத்தில் இருந்தே இருக்கிறதாம்.

போன மாதம் இரண்டு இடத்திலும் கொசுவலைத் துணியால் பிடித்து வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். கிணற்று ஆண்களுக்கு ஆரஞ்சுப் பொட்டு, நீலப் பளபளப்பு, கறுப்புப் புள்ளி எல்லாம் உண்டு. வடிகால் ஆண்கள் சாம்பல் நிறம், ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. பெண் மீன்களில் வேறு ஒரு வித்தியாசம். வடிகாலில் விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே வயிறு தள்ளி நிற்கின்றன. கிணற்றில் அந்த அளவில் சினையாக ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

வடிகாலில் விரால் குட்டி உண்டு, தண்ணீர்ப் பாம்பு உண்டு, மேலே கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். கிணற்றில் கப்பியைத் தின்ன ஆளே இல்லை. கரீபியன் தீவான டிரினிடாட்டில் நடந்த கப்பி ஆய்வைப் பாடத்தில் படித்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். நம் ஊரிலேயே முப்பது வருடத்தில் பரிணாமம் நடந்துவிட்டது என்று எழுதலாமா?

கைடிடம் சொன்னேன். "ம்ம், பார்க்கலாம்" என்றார். அந்த "ம்ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

கொளத்தூர் வாலாட்டி
ஜூன் 8, இரவு 10:12

தங்கச்சி, நான் 12 வருடமாகக் கொளத்தூரில் கப்பி வளர்த்து விற்கிறேன். ஃபுல் ரெட், மாஸ்கோ ப்ளூ, டக்சீடோ எல்லாம் கையில் ஓடியிருக்கின்றன. அதனால் பரிணாமம் என்ற பெரிய வார்த்தைக்கு முன்னால் இரண்டு சின்ன விஷயம்.

முதலாவது தீனி. ஆரஞ்சு நிறம் பாசியில் இருந்து வருகிறது. நல்ல மீனைக் கொண்டுபோய் வெறும் ரொட்டித் தூள் போட்டு வளர்த்தால் வெளுத்துவிடும். ஸ்பைருலினா பாசி, ஆர்டீமியா என்ற பொடி இறால் கொடுத்தால் பளிச்சென்று திரும்பும். சாக்கடையில் மீன் என்ன தின்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாவது, இது ரொம்ப முக்கியம். உன் வடிகாலில் இருப்பது ஒரே வம்சம் என்று யார் சொன்னது? வீட்டைக் காலி செய்கிறவர்கள் தொட்டி மீனை எங்கே கொட்டுகிறார்கள்? என் கடைக்கு வந்து "குஞ்சு அதிகமாகிவிட்டது அண்ணா, கால்வாயில் விட்டுவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் வாரம் ஒருவர் உண்டு.

பழைய ஃபார்மலின்
ஜூன் 9, காலை 6:05

ஆய்வகத்தில் இருபது வருடம் மீன் நாற்றத்தோடு இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். காலை நடைக்கு முன் இதைப் பார்த்துவிட்டேன், நடை போச்சு.

டிரினிடாட் கதையில் எல்லோருக்கும் முதல் பாதி தெரியும். வடக்கு மலைத்தொடரில் இருந்து இறங்கும் ஓடைகளில் சின்னச் சின்ன அருவிகள். அருவிக்குக் கீழே கிரெனிசிக்லா என்ற வேட்டை மீன், வளர்ந்த கப்பியையே பிடித்துத் தின்னும். அந்த வேட்டை மீனுக்கு அருவி ஏற முடியாது. மேலே ரிவுலஸ் என்ற சின்ன மீன்தான், அதன் வாய்க்கு அகப்படுவது பெரும்பாலும் குஞ்சுதான். ஒரே ஓடையில் மேல்வீடு, கீழ்வீடு. கீழ்வீட்டுக் கப்பி சீக்கிரம் பருவமடையும், நிறையச் சின்னக் குஞ்சு போடும், ஆண்களின் நிறம் மங்கல். மேல்வீட்டில் எல்லாம் நேர்மாறு.

1976ல் ஜான் எண்ட்லர், அரிப்போ ஆற்றின் கீழ்வீட்டுக் கப்பிகளைக் கொண்டுபோய், அதுவரை கப்பியே இல்லாத, ரிவுலஸ் மட்டும் இருந்த ஒரு கிளை ஓடையில் விட்டார். இரண்டு வருடத்துக்குள் ஆண்களின் பொட்டுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் கூடிவிட்டன. பிறகு டேவிட் ரெஸ்னிக் அதே ஓடை மீன்களின் வாழ்க்கைக் கணக்கை எடுத்தார்: எந்த வயதில் பருவம், எந்த எடை, எத்தனை குஞ்சு. 11 வருடத்தில், அதாவது 30 முதல் 60 தலைமுறைக்குள், தாமதமாகப் பருவமடைகிற, பெரிய உடம்புள்ள, குறைவான ஆனால் பெரிய குஞ்சு போடுகிற மீன்களாக மாறியிருந்தன. 1990ல் நேச்சர் இதழில் வந்தது. எல் செட்ரோ ஆற்றில் 1981ல் விட்டவற்றில் ஆண்கள் 4 வருடத்திலேயே மாறிவிட்டன.

இனி இரண்டாம் பாதி. ரெஸ்னிக் ஓடையில் மீனைப் பிடித்து அளந்துவிட்டு "மாறிவிட்டது" என்று எழுதவில்லை. இரண்டு இடத்து மீன்களையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே தண்ணீர், ஒரே வெப்பம், அளந்து போட்ட ஒரே தீனி என்று வைத்து, இரண்டு தலைமுறை வளர்த்து, பேரப்பிள்ளைகளைத்தான் அளந்தார். ஏன் பேரப்பிள்ளை? தாய் பட்டினி கிடந்தால் அது போடும் குஞ்சின் அளவே மாறும். பிள்ளைகளிடம் அம்மாவின் சாக்கடை ஒட்டிக்கொண்டிருக்கும். பேரப்பிள்ளையிலும் வித்தியாசம் நின்றால்தான் அது மரபணுவில் இருக்கிறது என்று வாய் திறக்கலாம்.

உன் கைடின் "ம்ம்" இதற்காகத்தான் இருக்கும். அவர் நல்லவர், விட்டுவிடாதே.

சந்தேகச் சாம்பார்
ஜூன் 9, காலை 8:30

எல்லாம் சரி சார். கடைசியில் கப்பி கப்பியாகத்தானே இருக்கிறது? பொட்டு கூடியது, குஞ்சு குறைந்தது, இதற்கு எதற்குப் பரிணாமம் என்ற பட்டம்? எங்கள் வீட்டில்கூட அப்பா கறுப்பு, நான் மாநிறம்.

பழைய ஃபார்மலின்
ஜூன் 9, காலை 9:10

சாம்பார், நீங்களும் அப்பாவும் இரண்டு பேர். ஒரு ஊரே பத்துத் தலைமுறையில் கறுப்பில் இருந்து மாநிறமாகி, அதற்குக் காரணம் கறுப்பானவர்களுக்குப் பிள்ளை தங்காததுதான் என்று காட்ட முடிந்தால், அதற்குப் பெயர் பரிணாமம். கூட்டத்தில் ஒரு மரபுப் பண்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. புது இனம் வந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பது உங்கள் நிபந்தனை, டார்வினுடையது கூட இல்லை.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரெஸ்னிக் குழு 1997ல் கணக்குப் போட்டபோது, இந்தக் கப்பிகள் மாறிய வேகம் புதைபடிவங்களில் தெரியும் வேகத்தை விடப் பத்தாயிரம் முதல் ஒரு கோடி மடங்கு அதிகம் என்று வந்தது. புதைபடிவம் பொய் என்று அர்த்தம் இல்லை. லட்சக்கணக்கான வருடத்தில் முன்னே போனது, பின்னே வந்தது எல்லாம் கழிந்து மிச்சம்தான் கல்லில் தெரிகிறது. அண்ணா சாலையில் ஒரு பஸ் சிக்னல் சிக்னலாக நின்று பாய்ந்து போவதைப் பார்க்காமல், புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் மட்டும் பார்த்தால் மாட்டுவண்டி என்றுதான் நினைப்போம்.

தரமணி நண்டு
ஜூன் 9, மதியம் 1:20

சார், இரண்டு தலைமுறை என்றால் எவ்வளவு நாள்? எனக்கு ஏப்ரலில் சமர்ப்பிக்க வேண்டும்.

கொளத்தூர் வாலாட்டி
ஜூன் 9, மதியம் 1:45

இதை நான் சொல்கிறேன். வடிகால் தாய் இந்த மாதக் கடைசியில் குஞ்சு போடும். அது வளர்ந்து சினையாகக் குறைந்தது மூன்று மாதம், வயிற்றில் ஒரு மாதம். பேரப்பிள்ளை நவம்பரில் வரும். அது பருவமடைய மீண்டும் மூன்று மாதம், பிப்ரவரி. கயிற்றின் மேல் நடப்பதுதான், ஆனால் முடியும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்தால் விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும். ஆணே இல்லாத தொட்டியில் மூன்று நான்கு தடவை குஞ்சு போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் குஞ்சுக்கு ஒரு மாதம் ஆகும் முன்பே ஆண் பெண் பிரித்துவிடு. கீழ்த் துடுப்பு ஈட்டி மாதிரி கூர்மையாக ஆரம்பித்தால் ஆண். பிரிக்கத் தவறினால் அண்ணன் தங்கை கல்யாணம்தான், உன் ஆய்வு பாழ்.

கூவக்கரை
ஜூன் 10, இரவு 11:02

நான் அறிவியல்காரன் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. மீன் இவ்வளவு வேகமாக மாறும் என்றால் கூவத்தைச் சுத்தம் பண்ண எதற்கு இவ்வளவு செலவு? கொஞ்ச நாள் விட்டால் அதற்கேற்ற மீன் தானே வந்துவிடாதா? பாதி கிண்டல், பாதி நிஜமாகக் கேட்கிறேன்.

மீன்வளம் 98
ஜூன் 11, காலை 7:15

நிஜப் பாதிக்குப் பதில். இதே நடந்திருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் கில்லிமீன் என்று ஒரு விரல் நீள மீன், கழிமுகங்களில் கோடிக்கணக்கில் இருக்கும். நியூ பெட்ஃபோர்ட், நியூவார்க், பிரிட்ஜ்போர்ட், எலிசபெத் ஆறு என்று நான்கு இடங்களில் டையாக்ஸின், பி.சி.பி. போன்ற நஞ்சு பல பத்தாண்டு கொட்டியது. வேறு இடத்துக் கில்லிமீனின் கரு இந்த நஞ்சில் இதயம் கோணி இறந்துவிடும். அந்த நான்கு இடத்து மீன்கள் தாங்குகின்றன, சில கூட்டங்கள் 8,000 மடங்கு வரை. ஆண்ட்ரூ வைட்ஹெட் குழு 2016ல் மரபணுத் தொகுப்பைப் படித்துப் பார்த்தால், நான்கு இடத்திலும் ஒரே வழித்தடத்தில்தான் கை வைத்திருக்கிறது: நஞ்சை உணரும் ஏ.எச்.ஆர். என்ற புரதத்தின் வழித்தடம். நஞ்சு வந்தால் அடிக்கும் மணியையே கழற்றி வைத்துவிட்டது மாதிரி. ஹட்சன் ஆற்று டாம்காட் மீனிலும் இதே புரதத்தில் இரண்டு அமினோ அமிலம் காணாமல் போயிருப்பதை 2011ல் கண்டுபிடித்தார்கள்.

இனிக் கிண்டல் பாதிக்கு. கில்லிமீனால் முடிந்தது ஏன்? கூட்டம் அவ்வளவு பெரிது, மரபணு வேறுபாடு அவ்வளவு அதிகம், தேவையான மரபணு என்ற சீட்டு ஏற்கனவே சீட்டுக்கட்டில் எங்கோ இருந்தது. அதே தண்ணீரில் இருந்த எத்தனையோ மீன்களுக்கு அந்தச் சீட்டு இல்லை, போய்விட்டன. கூவத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன்னால், யாரெல்லாம் இல்லை என்று அந்தக் கரையில் வளர்ந்த பெரியவர் யாரிடமாவது கேளுங்கள்.

இன்னொன்று. நஞ்சைத் தாங்குகிற மீன் உடம்பில் நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. அதைத் தின்னும் கொக்குக்கும் நமக்கும் அந்த மரபணு இல்லை.

கூவக்கரை
ஜூன் 11, காலை 7:40

சரி, கிண்டலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

காசிமேடு விசைப்படகு
ஜூன் 18, இரவு 8:50

மூன்று நாளாகக் கடலில் இருந்தேன், இன்றுதான் இழையைப் படித்தேன். ஏப்ரல் 15ல் இருந்து 61 நாள் தடைக்காலம் முடிந்து போன முதல் பாடு. மோசமில்லை.

உங்கள் கப்பி எனக்கு முக்கியமில்லை, மன்னிக்கவும். வஞ்சிரம் சொல்லுங்கள். எங்கள் அப்பா தோளில் போட்டுக்கொண்டு வரும் வஞ்சிரத்தின் வால் அவர் முழங்காலைத் தட்டும். இன்று ஏலத்தில் பாதிக்கு மேல் என் முழங்கை நீளம் கூட இல்லை. மீன் சின்னதாகிவிட்டது. இதுவும் நீங்கள் சொல்கிற அதே வேலையா?

மீன்வளம் 98
ஜூன் 18, இரவு 10:30

அண்ணே, இந்தக் கேள்விக்காகத்தான் நான் மன்றத்துக்கே வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்கூடத்தில் மீன் சின்னதாகத் தெரிவதற்கு மிக எளிய காரணம் வயது. நான்கு வயது வரை விட்டால் பெரிதாகியிருக்கும் மீனை ஒரு வயதில் பிடித்துவிடுகிறோம். அது சின்ன இனம் ஆகிவிடவில்லை, சின்னப் பிள்ளை. வலையைக் குறைத்தால் சில வருடத்தில் சரியாகிவிடும். கடல் வெப்பம், இரை குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. இதெல்லாம் பரிணாமம் கிடையாது.

ஆனால் அதற்கடியில் இன்னொன்று நடக்கலாம். பெரிதாகும் மீனையே தேடித் தேடிப் பிடித்தால், பெரிதாகும் முன்பே முட்டை போட்டுவிடுகிற மீனின் வம்சம்தான் மிஞ்சும். டேவிட் கோனோவர், ஸ்டீபன் மன்ச் இருவரும் இதைத் தொட்டியில் செய்து 2002ல் வெளியிட்டார்கள். அட்லாண்டிக் சில்வர்சைட் என்ற சின்னக் கடல்மீன், ஆறு கூட்டம். இரண்டில் ஒவ்வொரு தலைமுறையும் பெரிய மீன் 90 சதவீதத்தை எடுத்தார்கள், இரண்டில் சின்ன மீன் 90 சதவீதத்தை, இரண்டில் கண்ணை மூடிக்கொண்டு 90 சதவீதத்தை. நான்கே தலைமுறை. சின்னதைப் பிடித்த தொட்டியில் கிடைத்த மொத்த எடை, பெரியதைப் பிடித்த தொட்டியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிடிப்பதை நிறுத்திய பிறகு மெதுவாகத் திரும்பியது. சோதனையைத் தொடர்ந்து ஐந்து தலைமுறை வரை கெடுத்ததை முழுதாகச் சரிசெய்யப் பன்னிரண்டு தலைமுறை போல ஆகும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

கடலில்? கனடாவின் வடக்குக் காட் மீன் 1992ல் சரிந்து தடை போட்டார்களே, அந்தச் சரிவுக்கு முந்தைய வருடங்களிலேயே மீன்கள் சின்ன வயதில், சின்ன உடம்பில் பருவமடைய ஆரம்பித்திருந்தன என்று 2004ல் காட்டினார்கள். அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது, கேட்க ஆள் இல்லை.

பழைய ஃபார்மலின்
ஜூன் 19, காலை 5:50

98, அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். 2021ல் அதே காட் மீனின் பழைய மாதிரிகளை, நார்வேயில் 1907ல் எடுத்தவை, கனடாவில் 1940ல் எடுத்தவை, இன்றைய மீன்களோடு மரபணுத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மரபணு வேறுபாடும் குறைந்துவிடவில்லை. பருவமடையும் வயது மாறியது நிஜம். அது மரபணுவாலா, நெகிழ்வாலா (மரபணு மாறாமலே சூழலுக்கேற்ப உடம்பு மாறுவது) என்பதில் இன்னும் சண்டைதான்.

மீன்வளம் 98
ஜூன் 19, காலை 9:00

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் பருவ வயது, வளர்ச்சி போன்றவை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி நடப்பது. ஒவ்வொன்றும் துளித் துளி நகர்ந்தால் அந்த ஆய்வின் கண்ணுக்குத் தப்பலாம். "பார்க்கவில்லை" என்பதை "இல்லை" என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய ஃபார்மலின்
ஜூன் 19, காலை 9:25

நானும் அதை "இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கணக்குச் சரியாகிவிட்டது.

காசிமேடு விசைப்படகு
ஜூன் 19, மாலை 4:15

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. அதிகாரிகள் எப்போதும் என்ன சொல்கிறார்கள்? கண்ணியைப் பெரிதாக வை, சின்ன மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி. 98 தம்பி சொல்கிற தொட்டிக் கணக்குப்படி பார்த்தால் அதுதானே தப்பு?

மீன்வளம் 98
ஜூன் 19, மாலை 5:30

அண்ணே, நீங்கள் கேட்டதுதான் அந்த ஆய்வு வந்தபோது மீன்வளத் துறைகளை உறுத்திய கேள்வி. சின்ன மீனை விடுவது தப்பில்லை, ஒரு தடவையாவது முட்டை போடட்டும். அதோடு மிகப் பெரிய தாய் மீன்களில் சிலவற்றையும் விட வேண்டும், நடுவில் இருப்பதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்து வருகிற யோசனை. பெரிய தாய் போடும் முட்டை எண்ணிக்கையும் அதிகம்.

காசிமேடு விசைப்படகு
ஜூன் 19, மாலை 6:02

பத்துக் கிலோ வஞ்சிரத்தைக் கடலில் திருப்பி விட்டேன் என்று சொன்னால் ஏலக்கூடத்தில் சிரிப்பார்கள். வீட்டில் சிரிக்கக்கூட மாட்டார்கள். டீசல் யார் போடுவது?

யோசனை நல்லது. செய்ய வழி சொல்லுங்கள்.

அடுப்படி ஆய்வாளர்
ஜூன் 20, காலை 11:11

இவ்வளவு மீன் பேசிவிட்டு ஜிலேபி மீனை விட்டுவிட்டீர்களே! எங்கள் ஏரியில் உள்ளங்கை அளவுக்கு மேல் வளர்வதே இல்லை. பரிணாமமா? இருந்தாலும் மிளகு தூக்கலாகப் போட்டு, வாழையிலையில் வைத்து

மட்டுறுத்துநர்
ஜூன் 20, காலை 11:30

சமையல் குறிப்பு "அடுப்படி" பகுதிக்கு நகர்த்தப்பட்டது. ஜிலேபிக் கேள்வி இங்கேயே இருக்கட்டும், நல்ல கேள்வி. (குறிப்பை நானும் சேமித்துக்கொண்டேன்.)

பழைய ஃபார்மலின்
ஜூன் 20, மாலை 6:40

நண்டு இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஜிலேபி, அதாவது மொசாம்பிக் திலேப்பியா, 1952ல் நம் நாட்டுக்கு வந்தது. கூட்டம் பெருகி இரை குறைந்தால் உள்ளங்கை அளவிலேயே பருவமடைந்து குஞ்சு போட ஆரம்பித்துவிடும். அதே மீனின் குஞ்சை விசாலமான குளத்தில் விட்டுத் தீனி போட்டால் நன்றாக வளர்கிறது. ஒரே மரபணு, இரண்டு உடம்பு. சின்னதாகவே சினையான பெண் என்று நீ வடிகாலில் பார்த்தது இதுவாகவும் இருக்கலாம்.

நிறத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். வாலாட்டி சொன்னது சரி, ஆரஞ்சின் அழுத்தம் தீனியைப் பொறுத்தது. ஆனால் பொட்டு எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்பது பெரும்பாலும் அப்பனிடம் இருந்து மகனுக்கு ஒய் குரோமோசோமில் போகிறது. அதனால் பளபளப்பைக் கணக்கில் எடுக்காதே. பொட்டின் எண்ணிக்கையையும் பரப்பையும் அள.

அப்படியும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். பேரப்பிள்ளைகளில் வித்தியாசம் நின்றால், இரண்டு கூட்டமும் மரபில் வேறு என்று மட்டும் தெரியும். விரால் தின்று தின்று வேறானதா, முதலில் விட்டவர்களே வேறு வேறு கப்பியை விட்டார்களா என்று தெரியாது. எண்ட்லருக்கு எந்த மீனை எங்கே விட்டோம் என்று தெரியும். உனக்குத் தெருக்கதை மட்டும்தான்.

தரமணி நண்டு
ஜூன் 20, இரவு 9:00

அப்படியானால் செய்து என்ன பயன் சார்? அழுகையாக வருகிறது.

பழைய ஃபார்மலின்
ஜூன் 20, இரவு 9:20

அழாதே. இடத்தைக் கூட்டு. ஒரு வடிகால், ஒரு கிணறு என்றால் எந்தக் கதையையும் பொருத்தலாம். வேட்டை மீன் உள்ள நான்கு இடம், இல்லாத நான்கு கிணறு என்று எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம். கில்லிமீன் ஆய்வின் பலமே நான்கு இடத்தில் ஒரே பதில் வந்ததுதான். எட்டு இடத்தையும் வளர்க்க உன்னால் முடியாது. எட்டிலும் பிடித்து அள, இரண்டை மட்டும் வளர்.

அலாஸ்காவில் 1964ல் பெரிய நிலநடுக்கம் வந்து மிடில்டன் தீவின் கடலோரம் மேலே எழும்பியது. கடல் ஸ்டிக்கில்பேக் மீன்கள் புதுக் குட்டைகளில் மாட்டிக்கொண்டன. ஐம்பது வருடத்தில் குட்டைக்குக் குட்டை நன்னீர் உடம்புக்கு மாறியிருந்தன. தேதி தெரியும், பல குட்டை, எதிரே கடலில் மூதாதை இன்னும் நீந்துகிறது. இந்த மூன்றும் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. நமக்கு மூன்றும் இல்லை.

ஆகவே உனக்கு அடுத்து வருகிறவளுக்காவது தேதியைக் கொடு. ஒவ்வொரு இடத்தில் இருந்தும் சில மீன்களை 95 சதவீத ஆல்கஹாலில் போடு. ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெடும், என் பெயரைப் பார்த்து ஏமாறாதே. இடம், தேதி எழுதிய சீட்டைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போடு. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். என்னிடம் 1980களின் பாட்டில்கள் சில இருந்தன. உள்ளே அருமையான மீன், சீட்டில் வெறும் நீலக் கறை.

கொளத்தூர் வாலாட்டி
ஜூன் 20, இரவு 10:05

நான்கு கிணறு நான் காட்டுகிறேன். பெரம்பூரில் இரண்டு, வில்லிவாக்கத்தில் ஒன்று, அயனாவரத்தில் என் மாமியார் வீட்டில் ஒன்று. மாமியாரிடம் நீயே பேசிக்கொள்.

வடிகாலில் இறங்காதே, கரையில் நின்று வலை போடு, கையுறை இல்லாமல் தொடாதே. எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. வேலை முடிந்ததும் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடாதே, உன் தொட்டி மீனை வடிகாலில் விட்டால் நீயும் என் வாடிக்கையாளர்கள் மாதிரிதான்.

மீன்வளம் 98
ஜூன் 21, காலை 8:00

கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முதலில் எழுதிக் கேள். மீன்தானே என்று விட்டுவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தரமணி நண்டு
ஆகஸ்ட் 3, இரவு 10:25

இழையை மேலே தூக்குகிறேன். கைடு ஒப்புக்கொண்டார். தலைப்பில் இருந்து "பரிணாமம்" என்ற வார்த்தையை அவரே அடித்துவிட்டு "மரபு வேறுபாடு உள்ளதா" என்று எழுதினார். நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டது.

மாடியில் நிழல்வலைக்குக் கீழே 20 லிட்டர் டப்பா இருபத்தி நான்கு. ஒரு டப்பாவுக்கு ஒரு தாய். தீனியை அப்பாவின் தபால் தராசில் நிறுத்துப் போடுகிறேன். ஜூலையில் வடிகால் தாய்கள் குஞ்சு போட ஆரம்பித்தன. இரண்டு தடவை மின்வெட்டில் ஏர் பம்ப் நின்றது. கிணற்று மீன் மூன்று செத்தது. வடிகால் மீன் ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் மேலே வந்து தண்ணீர் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று முதல் தடவையாகப் பிள்ளைகளை அளந்தேன். வடிகால் குஞ்சு சின்னதாகத்தான் இருக்கிறது. சொல்லாதீர்கள் சார், தெரியும், இது அம்மாவின் சாக்கடை.

பழைய ஃபார்மலின்
ஆகஸ்ட் 4, காலை 5:45

நான் எதுவும் சொல்லவில்லை. மின்வெட்டில் செத்த மூன்றை என்ன செய்தாய்?

தரமணி நண்டு
ஆகஸ்ட் 4, காலை 7:30

ஆல்கஹாலில். பென்சில் சீட்டோடு.

சந்தேகச் சாம்பார்
ஆகஸ்ட் 4, காலை 9:15

எங்கள் வீட்டிலும் ஒரு கிணறு இருக்கிறது, ராயப்பேட்டையில். உள்ளே ஏதோ சின்ன மீன் ஓடுகிறது, கப்பியா என்று தெரியாது. சனிக்கிழமை வந்து பார்க்கிறீர்களா? எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.